கையொப்பம் இடுமுன்

பிள்ளையை வளைகுடா நாட்டிற்கு அனுப்பும் நாளில் நம் குடும்பங்கள் காட்டும் கவனத்தைக் கண்டு நாம் வியந்ததுண்டு. பாஸ்போர்ட், விசாத் தாள், மருத்துவச் சான்று, பள்ளிச் சான்று, ஒவ்வொன்றிற்கும் மூன்று நகல், நகல்களை வைக்க ஓர் உறை, உறைக்குள் வேளாங்கண்ணி மாதாவின் படம் ஒன்று. எதுவும் விடுபடாது. ஆனால் அதே பிள்ளை பத்தாண்டு உழைத்து, வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் காலத்தில், வாங்கிவர வேண்டிய பொருள்களின் பட்டியல் இங்கிருந்து போகிறதே தவிர, வாங்கிவர வேண்டிய தாள்களின் பட்டியல் போவதில்லை. காரணம் எளியது. போகும்போது தாள் குறைந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். திரும்பும்போது தாள் குறைந்தாலும் ஏற்றிவிடுவார்கள். குறை தெரியவருவது ஊருக்கு வந்து ஆறு மாதம் சென்ற பிறகுதான்.

இப்பகுதிக்கு மடல் விடுக்கும் சகோதரியருள் ஒருவர், தம் கணவர் துபாயில் ஒன்பது ஆண்டு வேலை செய்து திரும்பிய வரலாற்றை எழுதியிருந்தார். மறுநாள் விமானம். கம்பெனியின் ஆள் ஒருவர் அரபியும் ஆங்கிலமும் கலந்த ஒரு தாளை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடு, பணம் ஒரு வாரத்தில் கணக்கிற்கு வந்துவிடும்" என்றாராம். அவரும் இட்டுவிட்டார். அத்தாளில் எழுதியிருந்தது யாதெனில், "எனக்குச் சேரவேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்" என்பதே. பணத்தில் ஒரு பகுதி வந்தது. மறுபகுதியைக் கேட்டபோது அந்தத் தாளையே திருப்பிக் காட்டினார்கள். ஒன்பது ஆண்டு வெயிலில் நின்று சம்பாதித்த உரிமையை அரை நிமிடக் கையொப்பம் ஒன்று ஐயத்திற்கு உள்ளாக்கிவிட்டது. இவ்வாறான மடல்கள் பல வருவதால், இம்மாதப் பகுதியை இப்பொருளுக்கே ஒதுக்குகின்றோம்.

ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு சட்டம். எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அடக்க முயன்றால் எதுவும் தெளியாது. ஆகவே நம் மக்கள் மிகுதியாக வாழும் ஐக்கிய அரபு அமீரகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே தனியார் நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம் பொருந்தும். அது 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் உள்ளது. வீட்டுப் பணிப்பெண்கள், வீட்டு ஓட்டுநர்கள் போன்றோர் இச்சட்டத்தினுள் வாரார். அவர்களுக்கு 2022-இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நம் பங்குகளிலிருந்து வீட்டுவேலைக்குச் சென்றுள்ள சகோதரியர் இவ்வேறுபாட்டை மறவாதிருப்பாராக.

பணியை விடுவதென்று முடிவானதும் முதலில் செய்யவேண்டியது, அதனை எழுத்தில் தெரிவிப்பது. வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு, "மேனேஜருக்குத் தெரியுமே" என்று இருந்துவிடுவோர் உளர். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிக்கப்பட்டிருக்கும். அது 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்பது சட்டம். முதலாளி கேட்டால் அந்நாள்கள் முழுவதும் வேலை செய்யவேண்டும். அந்நாள்களுக்குரிய முழுச் சம்பளமும் உண்டு. முன்னறிவிப்பின்றி நிற்பவர் அக்காலத்துச் சம்பளத்தை ஈடாகத் தர நேரிடும். எனவே கடிதத்தைக் கொடுத்த நாளுக்குச் சான்று வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் நாள் தானே பதியும். கையில் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து எடுத்துப் பார்க்கவேண்டியது ஒப்பந்தத் தாள். ஊரில் ஏஜெண்டு காட்டிய தாளன்று, அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம். அமைச்சகத்தின் செயலியில் அதனைக் காணலாம். அதில் நாம் தேடவேண்டியது ஒரே ஓர் எண்: அடிப்படைச் சம்பளம். மாதம் கைக்கு வரும் தொகையில் வீட்டுப்படி, பயணப்படி எனப் பல சேர்ந்திருக்கும். ஆனால் 'கிராச்சுவிட்டி' என்று நம்மவர் வழங்கும் பணிக்கொடை கணக்கிடப்படுவது அடிப்படைச் சம்பளத்தின்மீது மட்டுமே. இதனை அறியாமல் வீட்டில் உட்கார்ந்து பெரிய கணக்குப் போட்டு, அதை நம்பிக் கொத்தனாருக்கு முன்பணமும் கொடுத்துவிடுகிறோம்.

கணக்கு எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒருவருக்கு மாத வருவாய் 2,000 திர்ஹாம். அதில் அடிப்படைச் சம்பளம் 1,200 என்று கொள்வோம். பணியாண்டு ஒன்பது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றிற்கு 21 நாள் சம்பளம். அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டிற்கும் 30 நாள் சம்பளம் என்பது சட்டம் வகுத்த அளவு. 1,200-ஐ 30-ஆல் வகுக்க, ஒருநாள் சம்பளம் 40 திர்ஹாம். ஐந்து ஆண்டிற்கு 105 நாள், ஆகவே 4,200. எஞ்சிய நான்கு ஆண்டிற்கு 120 நாள், ஆகவே 4,800. ஆக மொத்தம் 9,000 திர்ஹாம். வீட்டிலிருப்போர் 2,000-ஐ வைத்துக் கணக்கிட்டால் 15,000 என்று வரும். அந்த ஆறாயிரத்தைக் கம்பெனி ஏமாற்றிவிட்டதென்று கணவனும் மனைவியும் மனம் நொந்து கிடப்பதில் பொருளில்லை. அது தொடக்கமுதல் அவர்களுடையதாக இருந்ததேயில்லை. மறுபுறம், கம்பெனி 6,000 மட்டும் கொடுத்து முடிக்கப் பார்த்தால், மூவாயிரம் குறைகிறது என்று எழுந்து சொல்ல இக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். சம்பளமில்லா விடுப்பு நாள்கள் பணிக்காலத்தில் சேரா. ஓராண்டு நிறைந்தபின் எஞ்சும் மாதங்களுக்கும் விகிதப்படி உண்டு. மொத்தப் பணிக்கொடை இரண்டு ஆண்டுச் சம்பளத்தை மிஞ்சலாகாது; நம் தொழிலாளருள் அந்த எல்லையைத் தொடுபவர் அரிது.

இங்கே ஒரு பழைய அச்சத்தையும் களைய வேண்டும். "தானாக ராஜினாமாச் செய்தால் கிராச்சுவிட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் தருவார்கள்" என்று முன்னாளில் அங்கிருந்தவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது பொய்யன்று. 1980-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், காலவரையற்ற ஒப்பந்தத்தில் இருந்தவர் ஓராண்டிற்கும் மூன்றாண்டிற்கும் இடையே தாமாக விலகினால் மூன்றில் ஒரு பங்கும், மூன்றிற்கும் ஐந்திற்கும் இடையே விலகினால் மூன்றில் இரண்டு பங்குமே கிடைக்கும். புதிய சட்டத்தில் அவ்வாறு குறைப்பது இல்லை. ஓராண்டு நிறைவு செய்தவர் தாமே விலகினாலும் முழுக் கணக்கிற்கும் உரியவர். சட்டம் மாறியதை அறியாமல், மூன்றில் ஒரு பங்கே தம் விதி என்று நம்பிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கக்கூடும் என்பதே நம் கவலை.

பணிக்கொடையோடு இன்னும் சில சேரும். எடுக்காது எஞ்சிய ஆண்டு விடுப்பிற்கு அடிப்படைச் சம்பளக் கணக்கில் பணம் தரவேண்டும். கடைசி மாதத்து நாள்களின் சம்பளம், நிலுவையிலுள்ள மிகைநேர ஊதியம் ஆகியவையும் உண்டு. இவை அனைத்தையும் ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் முதலாளி கொடுத்து முடிக்கவேண்டும். ஊர் திரும்பும் பயணச் செலவும் பொதுவாக முதலாளியுடையது; ஆனால் தொழிலாளி வேறோர் இடத்தில் சேர்ந்துவிட்டாலோ, ஒப்பந்தம் முடிந்ததற்குத் தொழிலாளியே காரணமானாலோ, அச்செலவு அவருடையதாகிவிடும். தாமே விலகுவோர் இதனை முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நன்று.

இனி அந்தக் கையொப்பத்திற்கு வருவோம். வேலை அனுமதியை நீக்குவதற்காக அமைச்சகத்திற்கு ஒரு விண்ணப்பம் போகவேண்டும். 'கேன்சல் பேப்பர்' என்று நம்மவர் சொல்வது இதனையே. அதன்பின் குடியிருப்பு விசா நீக்கப்படும். முதல் தாளில் தொழிலாளியின் கையொப்பம் தேவை. அதில்தான் பாக்கி எதுவுமில்லை என்ற வாசகம் இடம்பெறுகிறது. முதலாளியின் தரப்பில் ஒரு நியாயம் இல்லாமலில்லை: விசாவை நீக்காமல் அவர் இருந்தால் தண்டம் அவருக்கு வரும், ஆகவே அவசரப்படுகிறார். ஆனால் அவருடைய அவசரத்தை நம் அவசரமாக்கிக் கொள்ளவேண்டியதில்லை. பணம் கணக்கில் ஏறிய செய்தி கைபேசிக்கு வந்தபின் கையொப்பம் இடலாம். அல்லது காசோலையோ ரொக்கமோ கையில் வாங்கிக்கொண்டு இடலாம். அதற்கும் இணங்காவிடில், இன்னின்ன இனத்திற்கு இவ்வளவு தொகை, இன்ன நாளில் தரப்படும் என்று கம்பெனியின் முத்திரையோடு ஒரு கணக்குத் தாளாவது பெற்றுக்கொள்ள வேண்டும். 2016 முதல் வேலை வாய்ப்புக் கடிதத்தைத் தொழிலாளி அறிந்த மொழியிலும் தரவேண்டும் என்று அந்நாட்டு அரசே விதித்தது. வேலையில் சேரும் தாளுக்கு இத்தனை கருத்து இருக்கும்போது, வேலையை விடும் தாளை நாம் படிக்காமல் இடலாமா? அரபி அறிந்த நண்பர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு படித்துக் கேட்பதில் மானக்குறைவு ஏதுமில்லை.

விமானச் சீட்டை எப்போது வாங்குவது என்பதும் இதில் அடங்கும். நாளைக்கு விமானம் என்றிருப்பவன் இன்று எதிலும் கையொப்பமிடுவான். இதைக் கம்பெனிகளும் அறியும். கணக்கு முடிந்தபிறகு பயண நாளைக் குறிப்பதே முறை. விசா நீங்கியபின்னும் நாட்டில் தங்கிக் கணக்கை முடிக்கச் சில வாரங்களேனும் சலுகைக் காலம் உண்டு. அது எத்தனை நாள் என்பது விசாவின் வகையைப் பொறுத்தது. நீக்கத் தாளிலேயே கடைசி நாள் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாளைக் கடந்தால் நாளொன்றிற்கு அபராதம் ஏறும்.

பணம் தர மறுத்தால் அமைச்சகத்தில் முறையிடலாம். 2024 தொடக்கமுதல் 50,000 திர்ஹாமுக்கு மேற்படாத வழக்குகளில் அமைச்சகமே தீர்ப்பளித்து நிறைவேற்றும் அதிகாரம் பெற்றுள்ளது; நம் தொழிலாளரின் வழக்குகளுள் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள் அடங்கும். முறையீட்டிற்கு முன்னர் ஓராண்டு எல்லை இருந்தது. 2024-இல் செய்த திருத்தத்தால் பணி முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்றாயிற்று. ஆகவே ஊர் வந்துசேர்ந்தபிறகும் வாயில் அடைபட்டுவிடவில்லை. ஆயினும் ஊரிலிருந்து நடத்துவது கடினம் என்பதை ஒளிக்கமாட்டோம். வழக்கை விட்டுவிட்டு வர நேர்ந்தால், நம்பத்தக்க ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, அபுதாபியிலுள்ள இந்தியத் தூதரகத்திலோ துபாயிலுள்ள துணைத் தூதரகத்திலோ சான்றுறுதி பெற்று வருவது நன்று. தூதரகங்களில் 2009-இல் அமைக்கப்பட்ட இந்தியச் சமுதாய நல நிதி உண்டு. இடருற்ற தொழிலாளருக்கு அதிலிருந்து உதவுகின்றனர். 2015-இல் தொடங்கிய 'மதத்' என்னும் வெளியுறவு அமைச்சகத்தின் இணையவழி முறையீட்டு ஏற்பாட்டில் வீட்டிலிருக்கும் மனைவியோ தந்தையோகூட முறையிடலாம். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் உள்ளது.

எங்கே முறையிட்டாலும் முதற்கேள்வி, "என்ன சான்று?" என்பதே. பதிவான ஒப்பந்தம், அடையாள அட்டையின் நகல், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகல், பணிவிலகல் கடிதம் ஆகியவற்றோடு வங்கிக் கணக்கு அறிக்கையும் வேண்டும். 2009 முதல் அமீரகத்தில் சம்பளத்தை வங்கி வழியாகத் தரும் ஏற்பாடு வந்தது. எனவே எந்த மாதம் எவ்வளவு வந்தது, எந்த மாதம் வரவில்லை என்பதற்கு வங்கி அறிக்கையைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அதைக் கணக்கை மூடுமுன் வாங்கவேண்டும். மூடியபின் கேட்பது பெரும்பாடு. இவற்றையெல்லாம் கைபேசியில் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பிவிடுதல் இக்காலத்திற்கு எளிய வழி. பெட்டி தொலைந்தாலும் தாள் தொலையாது.

பாஸ்போர்ட்டில் உள்ள ஒரு சிறு முத்திரை என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றிலிருந்து ஒன்று சொல்லுவோம். 1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது, அங்கிருந்த நம் நாட்டவர் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உடுத்த உடையோடு ஓடிவந்தனர். நம் பங்குகளிலும் அவ்வாறு வந்தவர்கள் உண்டு. பின்னர் 1991-இல் ஐக்கிய நாடுகள் அவை ஓர் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. அதில் 'ஏ' பிரிவு என்பது, ஈராக்கையோ குவைத்தையோ விட்டு வெளியேற நேர்ந்தோருக்கானது. தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்திற்கு 5,000 டாலர். வேறு பிரிவுகளில் கேட்பதில்லை என ஒப்புக்கொண்டோருக்கு 4,000, 8,000 என்று அளவு வகுத்தனர். என்ன இழந்தாய், எவ்வளவு இழந்தாய் என்ற கணக்கு இப்பிரிவில் கேட்கப்படவில்லை. 1990 ஆகஸ்டு 2-க்கும் 1991 மார்ச் 2-க்கும் இடையே வெளியேறினாய் என்பதற்கு எளிய சான்று ஒன்றே போதுமானதாக இருந்தது. பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதவர்களுக்கு அந்தப் பக்கம் பணமாயிற்று. காலாவதியான பாஸ்போர்ட்டைக் குழந்தைகள் விளையாடக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வேண்டாம்.

பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசுகையில் இதையும் கூறுவோம். தொழிலாளியின் பாஸ்போர்ட் முதலிய ஆவணங்களை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது அமீரகச் சட்டப்படி கூடாது. "கம்பெனியிடம் பத்திரமாக இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்லும் தம்பிமார் இதனை அறிவாராக. மேலும், பணி முடிந்ததும் தொழிலாளி கேட்டால் பணிச்சான்று ஒன்றைக் கட்டணமின்றித் தரவேண்டும். சேர்ந்த நாள், விலகிய நாள், பதவிப்பெயர், கடைசிச் சம்பளம் ஆகியவை அதில் இருக்கவேண்டும். அவருடைய பெயருக்கு ஊறு செய்யும் எதையும் எழுதலாகாது. கேட்டால்தான் தருவார்கள். வேறு நாட்டில் மீண்டும் வேலை தேட எண்ணுவோர், அதனை அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தில் சான்றுறுதி பெற்று வந்தால் பின்னர் அலையவேண்டியதில்லை. மேஸ்திரியாகப் பதினைந்து ஆண்டு இருந்தவர் சான்றில் 'ஹெல்பர்' என்றே எழுதியிருந்தால் அடுத்த வேலையில் ஹெல்பர் சம்பளமே என்பதால், பதவிப்பெயரை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

கடன் உள்ளோருக்கு ஒரு வார்த்தை. வங்கியில் கடன் வாங்கியவர் வேலையை விட்டதும், அவருடைய கடைசித் தொகை கணக்கில் ஏறியவுடன் வங்கி அதனைப் பிடித்துக்கொள்வது வழக்கம். கணக்கில் வந்த பணம் எடுக்க முடியவில்லையே என்று விமான நிலையத்தில் நின்று திகைப்பதைவிட, முன்னதாகவே வங்கிக்குச் சென்று பேசித் தவணையை ஒழுங்குசெய்து, கடன் தீர்ந்ததற்குத் தாளும் பெறுவது மேல். கடன் அட்டை ஒன்றைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அதனை எழுதிக்கொடுத்து முடிக்கவேண்டும். சிலர் கடனைத் தீர்க்காமல் விமானமேறி, "இந்தியாவிற்கு வந்து என்ன செய்வார்கள்?" என்று தைரியம் பேசுகிறார்கள். முன்னாளில் அத்தைரியத்திற்கு ஓரளவு இடமிருந்தது. ஆனால் 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையால், அமீரகத்து நீதிமன்றங்களின் உரிமையியல் தீர்ப்புகளை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தின் வழியாகவே நிறைவேற்றலாம் என்றாகிவிட்டது. கட்டிய வீடும் மனைவியின் பெயரில் இல்லாத நிலமும் கணக்கில் வரும். கைபேசி எண்ணை நீக்கும் அவசரமும் வேண்டாம். வங்கியின் இரகசிய எண் அந்தக் கைபேசிக்குத்தான் வரும். கடைசிக் காசு வந்து சேரும்வரை அவ்வெண் உயிரோடிருக்கட்டும்.

குடும்பத்தோடு அங்கிருந்தவர்களுக்கு வேலை இன்னும் அதிகம். மனைவி மக்களின் விசாக்களைத் தீர்த்த பிறகே குடும்பத் தலைவரின் விசாவை நீக்க இயலும். பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் அங்குள்ள கல்வித் துறையின் முத்திரையோடு வரவேண்டும். முத்திரையில்லாத சான்றை வைத்துக்கொண்டு ஜூன் மாதத்தில் பள்ளிவாயிலில் நிற்கும் பெற்றோரை நாம் அறிவோம். அங்கே பிறந்த குழந்தையாயின் தலையாய கடமை ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறந்த குழந்தை, பெற்றோர் இந்தியராயிருந்தும், பிறந்த ஓராண்டிற்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யப்பட்டாலன்றி வம்சாவளியால் இந்தியக் குடியுரிமை பெறாது. ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அங்குள்ள மருத்துவமனைத் தாள் மட்டும் போதும் என்று இருந்துவிடலாகாது.

திருச்சபையின் தாள்களும் இவற்றோடு சேரும். துபாய் தூய மரியாள் ஆலயத்திலோ அபுதாபி தூய சூசையப்பர் ஆலயத்திலோ பிள்ளைகள் திருமுழுக்கும் புதுநன்மையும் உறுதிபூசுதலும் பெற்றிருப்பார்கள். அச்சான்றுகளை அங்கேயே கேட்டு வாங்கிவரவேண்டும். பதினெட்டு ஆண்டு கழித்துத் திருமண ஓலை வாசிக்க இருக்கும்போது, "திருமுழுக்கு எங்கே?" என்று பங்குக்குரு கேட்கையில், கடல் கடந்து மடல் எழுதிக் காத்திருப்பது மணமகளின் தாய்க்குத் தாங்கொணா வேதனை. திருமணமாகாத இளைஞர், அங்கு வாழ்ந்த காலத்தில் திருமணம் புரியவில்லை என்பதற்கு அப்பங்கிலிருந்து ஒரு கடிதம் பெற்றுவந்தால் இங்கே விசாரணை எளிதாகும்.

விடுமுறையில் வந்து திரும்பிப் போகாமலே நின்றுவிடுவோரைப் பற்றியும் சொல்லவேண்டும். தாய்க்கு உடல்நலமில்லை, தங்கைக்குக் கலியாணம், பின்னர் போக மனமில்லை. இது மனித இயல்பு. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர் வேலையைக் கைவிட்டவராகிறார். முறையான காரணமின்றி வேலையை விட்டு நின்றவருக்கு ஓராண்டுக்குப் புதிய வேலை அனுமதி இல்லை. ஆறு மாதத்திற்குமேல் நாட்டிற்கு வெளியே இருந்தால் குடியிருப்பு விசாவும் பொதுவாகச் செல்லாததாகிவிடும். திரும்பமாட்டோம் என்று தெரிந்த நாளிலேயே கம்பெனிக்கு மின்னஞ்சலில் பணிவிலகலை அறிவித்து, கணக்கு முடித்துத் தருமாறு கேட்டு எழுதிவிடுதல் நன்று. எழுதாமலிருப்பது எவ்வகையிலும் பயன்தராது.

ஊர் வந்தபின் வங்கிக்குச் செல்லவேண்டும். 'என்.ஆர்.இ.' எனப்படும் வெளிநாடு வாழ்வோர் கணக்கை, நிலையாகத் திரும்பிவிட்டவர் அவ்வாறே வைத்திருக்கலாகாது. வங்கிக்கு அறிவித்து, உள்நாட்டுக் கணக்காகவோ, வெளிநாட்டு நாணயத்தில் வைத்திருக்க அனுமதிக்கும் 'ஆர்.எஃப்.சி.' கணக்காகவோ மாற்றவேண்டும். அக்கணக்கின் வட்டிக்கு வரிவிலக்கு வெளிநாட்டில் வாழ்வோர்க்கே உரியது. "வங்கிக்காரர் கேட்கவில்லையே" என்பது விடையாகாது.

இத்தனையையும் வேலை செய்து களைத்த ஒருவர் கடைசி மாதத்தில் தனியாகச் செய்யவேண்டுமென்பது பெருஞ்சுமை. வீட்டிலிருக்கும் இல்லத்தரசியருக்கு நாம் சொல்வது, கணவரின் ஒப்பந்தத் தாளின் நகல் ஒன்று இன்றே உங்கள் அலமாரியில் இருக்கட்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேர்ந்த நாள் எது, எந்த வங்கி, எந்தக் கடன் என்பவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணவர் மறைந்துவிட்ட துயரத்தில் நிற்கும் சகோதரியருக்கு அந்த நோட்டின் அருமை இன்னும் மிகுதி. அவருடைய சம்பள பாக்கியும் பணிக்கொடையும் குடும்பத்திற்கு உரியன. அதைக் கேட்கத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் அதிகாரப் பத்திரமும் வேண்டும். இறந்தவருடைய கம்பெனியின் சரியான பெயர்கூடத் தெரியாமல் தூதரகத்திற்கு எழுதும் மடல்கள் நீண்டகாலம் பதிலின்றிக் கிடக்கின்றன.

சவூதி அரேபியாவில் இருப்போர் 'எக்சிட்' என்னும் இறுதி வெளியேற்றத்திற்கும் 'ரீ-என்ட்ரி'க்கும் உள்ள வேறுபாடு, இக்காமாத் தொல்லைகள், அங்கு தாமாக விலகுவோருக்குப் பணிக்கொடை குறையும் முறை ஆகியவற்றைக் கேட்டு எழுதியிருக்கின்றனர். அமீரகத்திற்குச் சொன்னவை அங்கே அப்படியே பொருந்தா. அதனை அடுத்த திங்கள் இதழில் எடுத்துக்கொள்வோம். மடல் எழுதுவோர் எந்த நாடு, எந்த ஆண்டு சேர்ந்தது, ஒப்பந்தத்தில் குறித்த அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்ற மூன்றையும் மறவாமல் குறிப்பிடுக.